இரண்டாவது குண்டைப் பற்றித்தான் கோர்ட் கேட்கும்

கேள்வி: வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பகாவ் வட்டாரத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். என் அண்ணனுக்கு 52 வயது. அப்பாவின் இபிஎஃப் பணத்தில் வாங்கிய ஐந்து ஏக்கரில் செம்பனை போட்டிருக்கிறார். காட்டுப்பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருக்கிறார். கொஞ்ச நாளாகவே ராத்திரியில் குலை திருட்டு நடக்கிறது. போன வாரம் விடியற்காலை இரண்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு போயிருக்கிறார். அங்கே மூன்று பேர். ஒருவன் பாராங்கத்தியோடு பாய்ந்து அண்ணன் கையை வெட்டிவிட்டான். அண்ணன் சுட்டார், அப்புறம் இன்னொரு தடவையும் சுட்டார். ஓர் ஆள் அங்கேயே இறந்துவிட்டான். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். அண்ணன்தான் போலீசுக்குப் போன் செய்தார். இப்போது 302, அதாவது கொலை என்று சொல்லி ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மாமா, "ஒரே குண்டுதான் சுட்டேன் என்று சொல்லச் சொல்" என்கிறார். கோயில் தலைவர், திருட வந்தவனைச் சுட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது என்கிறார், இறந்தவன் குடும்பத்தோடு பேசி முடிக்கலாம் என்றும் சொல்கிறார். அண்ணன் மகன் அமெரிக்க வீடியோக்களைக் காட்டி, "நம் இடத்தில் நாம் பின்வாங்கவே வேண்டாம், அதுதான் சட்டம்" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? அண்ணனைத் தூக்கில் போட்டுவிடுவார்களா? ஜாமீன் கிடைக்குமா?
(ஒரு தங்கை, நெகிரி செம்பிலான்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதியைத்தான் மேலே போட்டிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டேன். இரண்டாவது தடவை சுட்டதைப் பற்றி அண்ணன் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்த பத்தியை முழுவதுமாக எடுத்துவிட்டேன். ஒருவர் தன் வக்கீலிடம் பேசுவதை 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கிறது. பத்திரிகைக்கு எழுதும் கடிதத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. நான் உங்கள் அண்ணனின் வக்கீல் இல்லை. அதனால் அந்தப் பத்தியில் எழுதியதை இனி வேறு யாருக்கும் எழுதாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசவே பேசாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியதை இப்போது அழிக்கவும் வேண்டாம். அழித்தால் எதையோ மறைக்கப் பார்த்தீர்கள் என்று அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டிவரும்.

மாமாவின் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதிக ஆபத்தானது அதுதான். "ஒரே குண்டு" என்ற பொய் முதல் நாளே உடைந்துவிடும். உடலைப் பரிசோதிக்கும் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து எத்தனை ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டு), எந்தத் திசையில் புகுந்தது என்று எழுதுவார். துப்பாக்கியும் காலித் தோட்டாக்களும் நிபுணரிடம் போகும். தப்பி ஓடிய இருவரும் பிடிபட்டால் அரசு தரப்பு அவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும். இந்த மூன்றையும் பொய்யால் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கையில் வெட்டுப்பட்டு, தானே போலீசுக்குப் போன் செய்த மனிதர் உங்கள் அண்ணன். நீதிபதி அவரை நம்புவதற்கு அவரிடம் இருக்கும் முதலே அதுதான். ஒரு பொய் அதைக் கரைத்துவிடும். மாமாவுக்கும் சொல்லுங்கள்: கொலை வழக்கில் தடயத்தை மறைப்பது, பொய்ச் சாட்சியம் உண்டாக்குவது எல்லாம் தனிக் குற்றங்கள். குற்றவியல் சட்டம் 201, 193 பிரிவுகளில் ஏழாண்டு வரை சிறை இருக்கிறது.

சரி, இனி சட்டத்துக்கு வருவோம்.

நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தில் தற்காப்பு உரிமை 96இல் தொடங்கி 106ஆம் பிரிவு வரை இருக்கிறது. பிரிட்டிஷார் இந்தியாவுக்கு 1860இல் எழுதிய சட்டத்திலிருந்து வந்தது, எண்கள்கூட அப்படியே. அதனால்தான் இன்றும் நம் கோர்ட்டுகளில் இந்தியத் தீர்ப்புகளை எடுத்துக் காட்டுகிறோம். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்தது எதுவும் குற்றமே இல்லை என்கிறது 96. குறைந்த தண்டனை என்ற பேச்சே அங்கு இல்லை, முழு விடுதலை. ஆனால் அந்த உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அடுத்த பத்துப் பிரிவுகளும் இறுக்கிக் கட்டியிருக்கின்றன.

கோயில் தலைவர் சொன்னது பாதி உண்மை. சொத்தைக் காக்கவும் உரிமை உண்டுதான். ஆனால் வெறும் திருட்டைத் தடுக்க உயிரை எடுக்கும் உரிமை இல்லை. 104ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: மரணம் தவிர வேறு தீங்கு வரைக்கும்தான். லாரியில் ஏற்றிய குலைகளுக்காக ஒருவனைச் சுட்டுக் கொன்றேன் என்றால் எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்ள மாட்டார். தலைவர் நல்ல மனிதராக இருக்கலாம். அவர் மைக் பிடித்து இதையே நாலு பேருக்குச் சொல்லாமல் இருந்தால் தோட்டத்துக்கு நல்லது.

சொத்துக்காக உயிரை எடுக்கலாம் என்ற எல்லை 103ஆம் பிரிவில் இருக்கிறது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைவது, ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, தடுக்காவிட்டால் உயிருக்கோ உடம்புக்கோ பெரும் ஆபத்து வரும் என்று நியாயமாகப் பயப்படும்படி நடக்கும் திருட்டு ஆகியவை அதில் வரும். உங்கள் அண்ணன் விஷயத்தில் வக்கீல்கள் சண்டை போடப் போகும் முதல் இடம் இதுதான். திருடும்போதோ திருடியதைக் கொண்டுபோகும்போதோ, அந்த நோக்கத்துக்காகவே ஒருவனை வெட்டினால் அல்லது வெட்டப் பார்த்தால் 390ஆம் பிரிவின்படி திருட்டு கொள்ளையாகிவிடுகிறது. பாராங்கத்தி ஓங்கிய கணத்திலேயே இது கொள்ளை என்று உங்கள் வக்கீல் சொல்வார். "துப்பாக்கியோடு ஓர் ஆள் இருட்டில் வந்து நின்றதும் பயந்து கத்தியைத் தூக்கினான், குலைக்காக அல்ல" என்று அரசு தரப்பு சொல்லும். இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. எது நிற்கும் என்பது சாட்சியத்தைப் பொறுத்தது.

ஆனால் என் கணிப்பில் இந்த வழக்கு குலையில் நிற்காது, கையில் உள்ள வெட்டுக் காயத்தில்தான் நிற்கும். சொத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்ப்போம். 100ஆம் பிரிவின்படி, தாக்குகிறவனால் மரணமோ கொடுங்காயமோ ஏற்படும் என்று நியாயமான அச்சம் இருந்தால், தற்காப்புக்காக அவன் உயிரை எடுக்கும் அளவுக்கும் போகலாம். பாராங்கத்தியால் ஒரு வெட்டு விழுந்துவிட்டது, அடுத்தது கழுத்தில் விழலாம் என்று பயந்த மனிதனின் அச்சம் நியாயமானதுதான். ஒப்பிட ஒரு வழக்கு இருக்கிறது. பஞ்சாபில் வயல் தகராறில் தன் தகப்பனை ஒருவர் வெட்டியபோது மகன் துப்பாக்கியால் சுட்டார், வெட்டியவர் இறந்தார். தர்ஷன் சிங் வழக்கு என்பார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் மகனை விடுதலை செய்தது. உயிருக்குப் பயந்து நிற்கிறவன் தன் அடியை அளந்து அளந்து போட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் வக்கீல் அதை நிச்சயம் எடுப்பார்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் முதல் குண்டுக்குப் பொருந்தும்.

நீங்களும் மற்ற எல்லோரும் அந்த இரவை ஒரே சம்பவமாகப் பார்க்கிறீர்கள்: திருடன் வந்தான், வெட்டினான், அண்ணன் சுட்டார், அவன் செத்தான். கோர்ட் அப்படிப் பார்க்காது. ஒவ்வொரு முறை விசை இழுக்கப்பட்டபோதும் யார் எங்கே நின்றார், யார் கையில் என்ன இருந்தது, யார் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று தனித்தனியாகக் கேட்கும். 102ஆம் பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அச்சம் தொடங்கும்போது உரிமையும் தொடங்குகிறது, அச்சம் இருக்கும் வரைக்கும்தான் அது இருக்கும். கத்தி வைத்திருந்தவன் திரும்பி லாரியைப் பார்த்து ஓடத் தொடங்கிவிட்டான் என்றால், அந்த நொடியிலேயே உங்கள் அண்ணனின் உரிமையும் முடிந்துவிட்டது. முன்பு அவன் செய்த அநியாயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அப்படித்தான். தற்காப்பு பழிவாங்கலாக மாறும் கோடு அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு விவசாயி கதை உண்டு. நார்ஃபோக் பகுதியில் தனியாகப் பண்ணை வீட்டில் இருந்த டோனி மார்ட்டின், 1999 ஆகஸ்டில் இரவில் வீட்டுக்குள் நுழைந்த இருவரைச் சுட்டார். 16 வயதுப் பையன் இறந்தான். குண்டு முதுகில் பாய்ந்திருந்தது, துப்பாக்கிக்கு லைசென்சும் இல்லை. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அவர் பலமுறை திருடர்களால் அலைக்கழிக்கப்பட்டவர் என்று பலர் பரிதாபப்பட்டார்கள். ஆனாலும் ஜூரி தற்காப்பை ஏற்கவில்லை, கொலைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் 2001இல் அது ஐந்தாண்டுச் சிறையாகக் குறைந்தது. அதுவும் அவருடைய மனநிலையைக் காட்டித்தான், தற்காப்பைக் காட்டி அல்ல. உங்கள் அண்ணனிடம் லைசென்ஸ் இருக்கிறது, அது நல்லது. மற்றது முதுகா மார்பா என்பது.

அதனால் வக்கீல் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம்: துப்பாக்கிக்கு ஒரு குழலா, இரண்டு குழலா? நம் தோட்டப்பக்கங்களில் பன்றிக்கு வைத்திருப்பது பெரும்பாலும் நடுவில் மடக்கித் தோட்டா போடும் வகை, மலாய்க்காரர்கள் செனாபாங் பாத்தா என்பார்கள். இரண்டு குழல் என்றால், முதல் குண்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. பயத்தில் இரண்டையும் இழுத்துவிட்டார் என்று சொல்ல இடம் இருக்கிறது. ஒரு குழல் என்றால் கதை வேறு. மடக்க வேண்டும், காலித் தோட்டாவை எடுக்க வேண்டும், சட்டைப்பையிலிருந்து இன்னொன்றைத் தேடிப் போட வேண்டும், மூட வேண்டும், குறி பார்க்க வேண்டும். இதையெல்லாம் வெட்டுப்பட்ட கையோடு, இருட்டில். "இவ்வளவும் செய்ய நேரம் இருந்தது என்றால் யோசிக்கவும் நேரம் இருந்தது" என்பார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். அந்த வாதம் பலமானது.

அதற்குப் பதிலே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் விழுந்த பிறகும் மற்ற இருவர் எங்கே இருந்தார்கள்? கத்தி யார் கையில் போயிற்று? லாரி விளக்கு அண்ணன் கண்ணில் அடித்ததா? யாராவது திரும்பி வந்தார்களா? அச்சம் தொடர்ந்தது என்று காட்ட முடிந்தால் உரிமையும் தொடர்ந்தது. இரண்டாவது குண்டு யார் மேலும் படாமல் மரத்தில் போயிருந்தால் அது உயிரை எடுத்த குண்டே அல்ல, ஆனாலும் அரசு தரப்பு அதை வைத்து அண்ணனின் மனநிலையைப் பற்றிப் பேசும். தூரமும் முக்கியம். இந்த வகைத் துப்பாக்கியில் மிக அருகிலிருந்து சுட்டால் ரவை எல்லாம் ஒரே துளையாகப் போகும், தூரம் கூடக்கூடப் பரவும். உடலில் உள்ள துளைகளைப் பார்த்தே கத்தி எட்டும் தூரமா, ஓடிப்போன தூரமா என்று நிபுணர் ஓரளவு சொல்லிவிடுவார். மடக்குத் துப்பாக்கியைத் திறக்கும் வரை காலித் தோட்டா அதற்குள்ளேயே இருக்கும், திறந்த இடத்தில்தான் விழும். அதனால் தோட்டா கிடந்த இடம் அண்ணன் நின்ற இடத்தைக் காட்டும். குடும்பத்தில் யாரும் செம்பனைக்குள் போய் எதையும் தேடாதீர்கள், பொறுக்காதீர்கள்.

இன்னொரு பலவீனமும் இருக்கிறது, அதை உங்கள் காதில் போட்டாக வேண்டும். போலீசை அழைக்க நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது 99ஆம் பிரிவு. சத்தம் கேட்டதும் முதலில் ஏன் போன் செய்யவில்லை, ஏன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினார் என்று கேட்பார்கள். அதனால் வீட்டிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம், அங்கே போன் லைன் கிடைக்குமா, முன்பு நடந்த திருட்டுகளுக்கு அண்ணன் ரிப்போர்ட் செய்திருக்கிறாரா, செய்தபோது என்ன நடந்தது என்பதெல்லாம் இப்போது பெரிய விஷயங்கள். பழைய ரிப்போர்ட் நகல்கள் வீட்டில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதே பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது.

இப்போது அண்ணன் மகனின் அமெரிக்க வீடியோவுக்கு வருகிறேன். அவன் சொல்லும் சட்டம் இருக்கிறது, ஆனால் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. பின்வாங்க வேண்டியதில்லை என்று அந்த மாநிலம் 2005இல் சட்டம் போட்டது. 2012 பிப்ரவரியில் சான்ஃபோர்ட் என்ற ஊரில், குடியிருப்புக் காவலுக்குத் தொண்டராக இருந்த ஜார்ஜ் சிம்மர்மேன் ஆயுதம் இல்லாத 17 வயதுக் கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்ற வழக்கில் இது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சிம்மர்மேன் அந்தப் பையனைப் பின்தொடர்ந்து போனார், அது தேவையில்லை என்று போனில் பேசிய போலீஸ் பணியாளர் சொல்லியும் மோதலில் முடிந்தது. தான் கீழே கிடந்தபோது பையன் தன் தலையைத் தரையில் மோதினான், தப்ப வழியில்லை என்பதுதான் சிம்மர்மேன் தரப்பின் வாதம். பின்வாங்க வேண்டாம் என்ற சட்டத்தை முன்வைத்து விசாரணைக்கு முன்பே விலக்குக் கேட்கும் வழி இருந்தும் அவர்கள் அதில் போகவில்லை, பழைய தற்காப்பு வாதத்தையே எடுத்தார்கள். 2013 ஜூலையில் ஆறு பெண்கள் கொண்ட ஜூரி விடுதலை செய்தது. தம்பி அந்த வீடியோவை இன்னொரு முறை பார்க்கட்டும்.

விடுதலைக்கு ஒரு முக்கியக் காரணம் நமக்குப் பொருந்தாது. அங்கே தற்காப்பு இல்லை என்பதை அரசு தரப்புதான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கே சாட்சியச் சட்டம் 105ஆம் பிரிவு அந்தச் சுமையைக் குற்றம்சாட்டப்பட்டவர் தோளில் வைக்கிறது. கொலையைச் சந்தேகமின்றி நிரூபிப்பது அரசின் வேலை, ஆனால் தற்காப்பு என்று சொன்னால் அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு உங்கள் அண்ணன் காட்ட வேண்டும். நமக்கு ஜூரியும் கிடையாது, 1995இலேயே எடுத்துவிட்டார்கள். சிரம்பான் உயர் நீதிமன்றத்தில் ஒரே நீதிபதிதான் கேட்பார். ஆறு பேர் மனதை உருக்கும் பேச்சு அங்கே எடுபடாது. ஓடித்தான் ஆக வேண்டும் என்று நம் சட்டமும் சொல்லவில்லை, அது வரைக்கும் தம்பி சொல்வது சரி.

தண்டனைக்கு வருகிறேன். 302இல் முன்பெல்லாம் தீர்ப்பு ஆனால் தூக்குதான், நீதிபதிக்கு வேறு வழி இல்லை. 2023 ஜூலை 4 முதல் அது மாறிவிட்டது. இப்போது மரண தண்டனையோ, 30 முதல் 40 ஆண்டு வரை சிறையோ நீதிபதி முடிவு செய்யலாம். சிறை என்றால் 12க்குக் குறையாத பிரம்படியும் உண்டு, ஆனால் 50 வயதைக் கடந்த ஆண்களுக்குப் பிரம்படி கிடையாது. உங்கள் அண்ணனுக்கு 52.

முழு விடுதலைக்கும் 302க்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை வெளியே யாரும் சொல்வதில்லை. நல்லெண்ணத்தோடு தற்காப்பைத் தொடங்கி, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாமல் எல்லையைத் தாண்டிவிட்டவர் செய்தது கொலை ஆகாது என்று 300ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு சொல்கிறது. அப்போது வழக்கு 304க்கு இறங்கும். கொல்லும் எண்ணம் இருந்ததாகக் கருதினால் 30 ஆண்டு வரை, மரணம் நேரலாம் என்று தெரிந்து செய்தது மட்டும் என்றால் 10 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். முதல் குண்டு நியாயம், இரண்டாவது கொஞ்சம் அதிகம் என்று நீதிபதி நினைத்தால் வழக்கு வந்து நிற்கும் இடம் இதுதான். கோர்ட்டுக்குப் போகும் முன்பே இதைக் கேட்கலாம். வக்கீல் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுப்பார், குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லி. ரெப்ரசெண்டாசி என்பது இதுதான். கையில் பட்ட காயத்தின் மருத்துவ அறிக்கை, அண்ணனே போன் செய்த பதிவு, பழைய திருட்டு ரிப்போர்ட்டுகள் எல்லாம் அந்த மனுவில் பேசும்.

ஜாமீன்: 302 நிலைக்கும் வரைக்கும் இல்லை என்றே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மரண தண்டனை உள்ள குற்றத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 388ஆம் பிரிவு பெண்களுக்கும் 16 வயதுக்குக் கீழானவர்களுக்கும் நோயாளிகளுக்கும்தான் வழி விடுகிறது. குற்றச்சாட்டு 304ஆக இறங்கினால் கேட்டுப் பார்க்கலாம், கொடுப்பது நீதிபதி விருப்பம்.

இந்த வகைக் குற்றத்தில் ரிமாண்ட் ஏழு நாள், அப்புறம் தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். அதற்குள் விட வேண்டும், அல்லது மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் குற்றச்சாட்டைப் படிக்க வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க மாட்டார்கள், பிறகு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். பிரேதப் பரிசோதனை, வேதியியல் அறிக்கை எல்லாம் வந்து சேர மாதங்கள் ஆகும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. ரிமாண்ட் கட்டத்தில் ஒய்பிஜிகே என்ற தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் வக்கீலைக் கேட்கலாம். மரண தண்டனை உள்ள வழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் உயர் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நிலத்தை அவசரப்பட்டு விற்காதீர்கள்.

அண்ணன் போலீசிடம் என்ன பேசுவது? குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28A பிரிவின்படி வக்கீலைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது, அதைக் கேட்கச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 112ஆம் பிரிவில் வாக்குமூலம் எடுக்கும்போது, தன்னையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். ஆனால் ஒரு வார்த்தையும் பேசாதே என்று நான் சொல்ல மாட்டேன். தற்காப்பு வழக்கில் முழு மௌனமும் இடிக்கும். போலீசிடம் சொன்னதை அரசு தரப்பு பொதுவாக அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது, ஆனால் தன் வாதத்துக்கு ஆதரவாக அவர் அதைக் காட்ட 113ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. "வெட்டினான், பயந்து சுட்டேன்" என்று முதல் வாரத்திலேயே சொன்னவரையும், விசாரணையில் கூண்டு ஏறிய பிறகு முதல் தடவையாகச் சொல்கிறவரையும் நீதிபதி ஒரே மாதிரிப் பார்க்க மாட்டார். இரண்டாமவரைப் பார்த்துப் பின்னால் யோசித்துச் செய்த கதை என்று எழுதிவிடுவார்கள். எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதை வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது முடிவு செய்யட்டும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லலாம், ஊகித்துச் சொல்ல வேண்டாம்.

கோயில் தலைவரின் பேச்சுவார்த்தை யோசனை நடக்காது. கொலை வழக்கைப் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை, அது அரசின் வழக்கு. நீங்கள் பணத்தோடு அந்த வீட்டுப் படியேறினால் சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாக ஆகும். நஷ்டஈடு கேட்டு அவர்கள் சிவில் வழக்குப் போட உரிமை இருக்கிறது, போட்டால் அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இறந்தவனும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான் என்று எழுதியிருந்தீர்கள். அவன் அம்மாவிடம் உங்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று கடிதத்தைப் படித்தபோது புரிந்தது. அதைச் சொல்லும் காலம் இது அல்ல, வழக்கு முடியட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வக்கீல் ஒருவரை உடனே பிடித்து அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் உள்ள வெட்டுக்கு டாக்டர் பார்த்தாரா, அளவு எழுதினாரா, படம் எடுத்தாரா என்று அவர் கேட்கட்டும். எடுக்கவில்லை என்றால், காயம் ஆறுவதற்குள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அன்றிரவு அண்ணன் போட்டிருந்த சட்டை போலீசிடம் போகாமல் வீட்டிலேயே இருந்தால் துவைக்காதீர்கள். காகிதப் பையில் வைத்து, யார் எப்போது எடுத்தது என்று எழுதி வக்கீலிடம் கொடுங்கள்.